கௌசல்யாவின் சட்டித் தொப்பிகள்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் கௌசல்யாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள் முதல் தடவை வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். தையல் மெஷினுக்குப் பின்னால், நூல்கண்டும் லைனிங் துணியும் இருக்க வேண்டிய சுவர் அலமாரியில், எவர்சில்வர் சொம்புகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு சொம்பின் மேலும் ஒரு தொப்பி. உருண்டை மண்டை, மேல்நோக்கிச் சுருண்ட சின்ன விளிம்பு, விரலால் தட்டினால் 'டொக்' என்று கேட்கிற கெட்டித்தனம். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார் போட்டுத் திரிந்த பவுலர் தொப்பிகள். கடையில் பத்து, உள் அறையில் பதினாறு, ஆக இருபத்தாறு.

"நாடகத்துக்கு வாடகைக்கு விடுறீகளா?" என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. "கையைத் தூக்குங்க" என்று அளவு டேப்பை எடுத்துவிடுவாள்.

முதல் தொப்பியைக் கொண்டுவந்தது அவள் புருஷன் சுருளிவேல்தான். சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு போவார், திரும்பும்போது கேரட்டும் முட்டைக்கோசும் கொண்டுவருவார். மலையில் பழைய பங்களா ஏதாவது கைமாறினால் உள்ளே கிடந்த தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்து சேரும். அங்கே டீ குடிக்க நின்றவர் கண்ணில் அது பட்டிருக்கிறது.

"கௌசி, இந்தா, நூல்கண்டு போட்டு வச்சுக்க. சட்டி மாதிரி இருக்கு" என்று மெஷின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குச் சட்டித் தொப்பி என்றே பெயர்.

தூசி தட்டலாம் என்று உள்ளே கைவிட்ட கௌசல்யா, கையை வெளியே எடுக்கவில்லை. நெற்றி படுகிற இடத்தில் சுற்றிலும் ஒரு தோல் பட்டை. அந்தத் தோலை மண்டையோடு சேர்த்த தையலை விரலால் தடவினாள். கையால் போட்ட தையல், எறும்பு வரிசை போல் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. பட்டுத் துணியில் லைனிங். பின்பக்கம் எது என்று தெரிவதற்காக உள்ளே ஒரு குட்டி முடிச்சு. யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இம்புட்டு வேலையா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. முப்பது வருஷமாகத் தைக்கிறாள். உள்தையலை அப்படி ஒருவரும் மதித்து அவள் பார்த்ததில்லை. நூல்கண்டுகளை அன்றைக்கே வேறு டப்பாவில் போட்டுவிட்டாள்.

பிறகு பதினோரு வருஷத்தில் இருபத்தைந்து வந்தன. பெரும்பாலும் சுருளிவேல் கொண்டுவந்தவை. சிறுமலை எஸ்டேட் ஒன்றிலிருந்து இரண்டு, ஒரு வாடிக்கையாளரின் பழம்பெட்டியிலிருந்து ஒன்று. விளிம்பின் சுருளைப் பார்த்தே இது எந்தக் காலத்தது என்று சொல்லும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள். தோல் பட்டைக்கு அடியில் மடித்துச் செருகிய பழைய செய்தித்தாளைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். தொப்பி பெரிதாக இருந்திருக்கும், துரை காகிதம் வைத்து இறுக்கியிருக்கிறார். கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு காப்பிக்கொட்டை நிறத் தொப்பி இருந்தது. அதை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மோந்து பார்ப்பாள். ஒன்றைக்கூட ஒருநாளும் தலையில் வைத்ததில்லை. "வைக்கறதுக்கு வாங்கல, பாக்கறதுக்கு வாங்குனது" என்பாள்.

வருகிற தொப்பியெல்லாம் நசுங்கித்தான் வரும். அதை நிமிர்த்துகிற வித்தையை அவளே கண்டுபிடித்தாள். இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதிக்கும்போது தட்டை எடுத்துவிட்டு, ஆவிக்கு மேலே தொப்பியைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இளகிவிடும். உள்ளேயிருந்து மரக்கரண்டியின் முதுகால் தள்ளினால் நசுங்கல் மெல்ல எழும்பி வரும். அந்த எழும்பலைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜன்னல் திறந்தால் காற்றடித்து ஆறிவிடும் என்று அடுப்படியைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள்.

மகள் சௌந்தர்யா தலைப்பிரசவத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ஒட்டன்சத்திரத்திலிருந்து அழைத்துவந்தார்கள். உள் அறைக் கட்டில் அவளுக்கு. தலைமாட்டில் பதினாறு தொப்பிகள். மசக்கை முழுதும் விடாத பெண்ணுக்கு இட்லி ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. காலையிலும் சாயந்திரமும் இட்லி.

அந்தப் புதன்கிழமை மதியம் பாத்திமா வந்தாள். பேகம்பூர்ப் பெண். சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில், பழைய துணிமணிகள் கெட்டுப்போகாமல் பராமரிக்கிற பிரிவில் வேலை. தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவள், அவள் அம்மா தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க வந்திருந்தாள். அலமாரியைப் பார்த்ததும் அவளுக்கு ஜாக்கெட் மறந்துபோனது.

"அக்கா! இதெல்லாம் நிஜமா? திண்டுக்கல்லுலயா?"

இப்படிக் கேட்கிற ஒரு ஆளுக்காகத்தான் கௌசல்யா பதினோரு வருஷம் காத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். டீ போட்டாள். ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினாள். பாத்திமா கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தாளே தவிர, ஒன்றையும் தொடவில்லை. கௌசல்யா அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு நல்லா இருக்கே, நசுங்கலே இல்லையே. எப்படிக்கா நேராக்குனீங்க?"

"எல்லாம் இட்லிச் சட்டி ஆவிலதான்."

வாய்க்குப் போன டீ தம்ளர் பாதியில் நின்றது. பாத்திமா அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வீட்டுல சமைக்கிற சட்டியா?"

"ஆமா. வேற எது?"

"அக்கா, நான் சொல்றதக் கேட்டுப் பயந்துறாதீங்க. இது முயல் ரோமத்த அமுக்கிச் செய்யுற கெட்டித் துணி. அந்த ரோமம் ஒண்ணோட ஒண்ணு பிடிக்கறதுக்காக, அந்தக் காலத்துல பாதரசம் கலந்த திராவகத்துல நனைச்சாங்க. தொப்பி செஞ்ச ஆளுங்க கை நடுங்கி, புத்தி பேதலிச்சுப் போனாங்க. நூறு வருசமானாலும் பாதரசம் அதுக்குள்ளதான் இருக்கும். நாங்க கையுறை இல்லாமத் தொட மாட்டோம். சூடு பட்டா அது ஆவியா வெளிய வரும்க்கா."

கௌசல்யா தன் விரல்களைப் பார்த்தாள். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் வெள்ளிப் புழு போல் ஏறுமே, அதுவா? அதுவா இந்தத் தொப்பிக்குள் இருக்கிறது? தொப்பியைத் தொட்ட அதே விரலால் நூலை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தது எத்தனை ஆயிரம் தடவை? கொஞ்ச நாளாக ஊசி கோக்கையில் விரல் ஆடுகிறதே, வயசு என்று நினைத்தாளே.

இதெல்லாம் பிறகு வந்த நினைப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால், பாத்திமா சொல்லி முடித்த அந்த நொடியில், அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ஐயோ, இதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ?

அதற்கு அப்புறம்தான் மகள் ஞாபகம் வந்தது. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பதினாறு தொப்பிக்குக் கீழே, நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றோடு சௌந்தர்யா தூங்கிக்கொண்டிருந்தாள்.

தொப்பி முதலில், மகள் அப்புறம். தன் மனசு அந்த வரிசையில் போனதைக் கண்டு கௌசல்யா அதிர்ந்து போனாள். விஷம் என்று கேட்டபோதுகூட அவள் அப்படி அதிரவில்லை.

ஓடிப்போய் மகளை எழுப்பினாள். "எந்திரி தங்கம், வெளிய வா, இந்த ரூம்ல இருக்காத."

"என்னம்மா? பல்லி ஏதும் விழுந்துருச்சா?"

சொன்னாள். பாத்திமாவும் பக்கத்தில் நின்று, இத்தனை பயப்பட ஒன்றுமில்லை, சும்மா இருக்கிற தொப்பியைவிட ஆவிதான் பிரச்சினை, ஜன்னலைத் திறந்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள் என்று பதமாகச் சொன்னாள். சௌந்தர்யா கட்டிலைவிட்டு இறங்கினாள். இரண்டு கையும் தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டன. அம்மாவைப் பார்த்தாள். யாரோ அந்நியப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

பாத்திமா கல்யாண வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மூன்று மணிக்குச் சுருளிவேல் வந்தார். விஷயத்தைக் கேட்டவர் உட்காரக்கூட இல்லை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாத மனுஷன், இரண்டு வெங்காயச் சாக்கை உதறி, கடை அலமாரியிலும் உள் அறையிலும் இருந்த தொப்பிகளை வாரி வாரிப் போட்டார். சொம்புகள் உருண்டு தரையெல்லாம் ஓடின.

"என்னங்க, என்ன பண்றீங்க?"

"நம்ம எரியோட்டுக் காட்டுல போட்டுக் கொளுத்திட்டு வாரேன். ஒண்ணு மிஞ்சக் கூடாது."

வண்டி போய்விட்டது. அவள் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு வாய் ஏது? இட்லிச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டு வந்தாள். கால்மணி நேரம் கழித்துப் பாத்திமாவே போன் செய்தாள், சௌந்தர்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்க. பேச்சோடு பேச்சாகக் கௌசல்யா கொளுத்தப் போன விஷயத்தைச் சொன்னாள்.

"கொளுத்தவா? அக்கா, கொளுத்தக் கூடாது! இட்லி ஆவிக்கே பயந்தோம், நெருப்புல போட்டா மொத்தமும் புகையா அவரு மூஞ்சிலதான் அடிக்கும். உடனே நிப்பாட்டச் சொல்லுங்க!"

சுருளிவேலுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார், அது அவருடைய கொள்கை. ஏழு தடவை அடித்தாள். எட்டாவது தடவை அடிக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கல்யாண வீட்டு மருதாணிக் கையோடு பாத்திமா.

"ஏறுங்கக்கா. வழி தெரியும்ல?"

எரியோடு வரைக்கும் கௌசல்யா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் வானத்தில் புகை தெரியுமோ என்று பயம். ஊரைத் தாண்டி மண்பாதையில் இறங்கியபோதுதான் பார்த்தாள். முருங்கைத் தோட்டத்துக்கு அப்பால் வண்டி நின்றது. புகை இல்லை.

சுருளிவேல் மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தார். சாக்கிலிருந்து கொட்டிய தொப்பிகள் குழிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. டீசல் வாடை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குழிக் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, வேணாம்! கொளுத்தாதீங்க!" பாத்திமா தூரத்திலிருந்தே கத்தினாள்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "நாந்தான கௌசி கொண்டாந்தேன்? ஒவ்வொண்ணா நாந்தான கொண்டாந்து குடுத்தேன்? உனக்குச் சிரிப்பு வரும்னுதான கொண்டாந்தேன்?"

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தொப்பி கொண்டுவந்ததற்கு அதுதான் காரணம் என்றும் அவளுக்குத் தெரியாது. சும்மா போகிற வழியில் கிடைக்கிறது, எடுத்து வருகிறார் என்று நினைத்திருந்தாள். அவள் தீப்பெட்டியை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

மேலாகக் கிடந்த ஒன்பது தொப்பிகளில் டீசல் ஊறியிருந்தது. காப்பிக்கொட்டை நிறத் தொப்பியும் அதில் ஒன்று. அந்த ஒன்பதையும் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, அபாயக் கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்க்கிற பொறுப்பைப் பாத்திமா ஏற்றுக்கொண்டாள். மிச்சம் பதினேழு. சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, மூன்று பேரும் அவற்றைத் தனித்தனியாகப் பொதிந்தார்கள்.

மறுநாள் சௌந்தர்யாவைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் முழுசும் கேட்டார். இடையில் சிரிக்கவோ திட்டவோ இல்லை. மூன்று பேருக்கும் ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார். "மீன் நிறையச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்; மீனிலும் கொஞ்சம் பாதரசம் இருக்குமாம். முடிவு வர ஆறு நாளாகும்.

அன்று சாயந்திரமே மாப்பிள்ளை முகேஷ்குமார் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தன்மையான பிள்ளை. குரல் உயர்த்தத் தெரியாது.

"ஏனுங்க அத்தை, இது தெரிஞ்சே வச்சிருந்தீங்களா?"

"சத்தியமாத் தெரியாது மாப்ள."

"தெரியலைன்னா சரிங்க. ஆனா ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சௌந்தர்யா எங்க ஊட்லயே இருக்கட்டுங்க."

தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், பிரசவத்துக்கு முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. சௌந்தர்யா காரில் ஏறும்போது "வாரேம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. கௌசல்யா அதற்குக் கோபப்படவில்லை. அந்த முதல் நொடி நினைப்பு மகளுக்குத் தெரிந்துவிட்டதோ என்றுதான் பயந்தாள். தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் பயந்தாள்.

அந்த ஆறு நாளும் கடை திறக்கவில்லை. சாதமும் புளிக்குழம்பும் தொட்டுக்க ஒரு வெஞ்சனமும் வைத்துப் புருஷனுக்குப் போட்டாள். அவளுக்கு எதை வாயில் வைத்தாலும் ஈயச் சுவை அடித்தது. அது நிஜமா மனப்பிராந்தியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

ஏழாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். சௌந்தர்யாவும் மாப்பிள்ளையும் நேராக அங்கே வந்திருந்தார்கள். தாயும் மகளும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சௌந்தர்யா, உனக்கு நார்மல். எதுவுமே இல்ல. கொதிக்கிற தண்ணிக்கு மேல பிடிச்சதுதான, பாதரசம் சட்டிக்குள்ள போய்த் தங்கல. ஐயாவுக்கும் பயமில்ல." அப்புறம் கௌசல்யா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான்மா இருக்க வேண்டியதைவிடக் கூடுதலா இருக்கு."

கௌசல்யா கைகூப்பினாள். தனக்கு வந்த சேதி அவள் காதிலேயே விழவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லல்ல? ரிப்போர்ட்டுல எழுதிக் குடுத்துருக்காங்கல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அம்மா," என்றாள் சௌந்தர்யா. "டாக்டர் உனக்குச் சொல்றாங்க. உனக்கு."

டாக்டரம்மா அவளைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டிய விரல்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். சுருளிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருசமா இருக்கும். சீக்கு எதுவும் இல்ல, வயசுதான்னு..."

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே ஆவி பிடிக்கக் கூடாது, வெறுங்கையால தொடக் கூடாது. அதை நிறுத்துனாலே உடம்பு தானா வெளியேத்தும். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் மாப்பிள்ளை கார் எடுக்கப் போயிருந்தபோது, கௌசல்யா மகளிடம் அதைச் சொல்லிவிட்டாள். மறைத்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

"அந்தப் பொண்ணு விஷம்னு சொன்னப்போ, எனக்கு முதல்ல தொப்பி போயிருமோன்னுதான் தோணுச்சு சௌந்தி. நீ அப்புறம்தான் ஞாபகம் வந்த. பெத்தவளுக்கு அப்படித் தோணலாமா?"

சௌந்தர்யா அடிமரத்தில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் எனக்கு நார்மல்னு சொன்னப்போ," என்றாள் கடைசியில், "எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. உனக்கு என்ன வந்திருக்குன்னு கேக்கணும்னே தோணலம்மா. நீ கைகூப்புனதப் பாத்ததும்தான் தோணுச்சு."

அவ்வளவுதான் பேசினார்கள். கார் வந்தது. சௌந்தர்யா ஒட்டன்சத்திரத்துக்கே திரும்பிப் போனாள். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன கௌசல்யாவிடம் சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் தானாகவே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் குழந்தையை வாங்கினாள். "இன்னும் எத்தனை வாட்டிம்மா கழுவுவ?" என்று சௌந்தர்யா கட்டிலிலிருந்து கடிந்துகொண்டாள். மூன்றாம் மாதம் முடிந்ததும் குழந்தையோடு மேட்டுப்பட்டிக்கு வந்து இருபது நாள் இருந்தாள்.

அதற்குள் பாத்திமா, உடன் வேலை பார்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு, துப்பாக்கி போல் பிடித்துப் பார்க்கிற ஒரு கருவியோடு வந்து போயிருந்தாள். பதினேழில் பன்னிரண்டில் பாதரசம் இருந்தது. ஐந்தில் சுத்தமாக இல்லை. இந்த ஐந்தும் முயல் ரோமம் இல்லாமல் செம்மறியாட்டு ரோமத்தில் செய்தவையாக இருக்கலாம் என்றார் வந்தவர். பன்னிரண்டில் நான்கை அருங்காட்சியகத்துக்குக் கௌசல்யாவே எடுத்துக் கொடுத்தாள். மிச்சமெல்லாம் இப்போது தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில், விளிம்பெல்லாம் அடைத்து, கடைச் சுவரில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் என்ன இருக்கிறது, என்ன செய்யக் கூடாது என்று அவள் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். இரண்டாம் பரிசோதனையில் அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. விரல் நடுக்கம் முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது. கை எம்பிராய்டரி வேலை மட்டும் வாங்குவதில்லை.

அந்த இரண்டாம் தடவை போனபோது டாக்டரம்மா தாளை மூடி வைத்துவிட்டு, "அந்தத் தொப்பியெல்லாம் இன்னும் இருக்கா? போட்டோ இருந்தாக் காட்டுங்க" என்றார். கௌசல்யா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். டாக்டரம்மா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடை வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். காப்பி வேண்டாம் என்றார். இது எந்தக் காலத்தது, இந்த ரிப்பன் முடிச்சு ஏன் இடது பக்கம் இருக்கிறது, இதை யார் போட்டிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே பெட்டி பெட்டியாக நகர்ந்தார். கௌசல்யா கூடவே நடந்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் டாக்டரம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக் கட்டிக்கொண்டே நின்றார்.